போல்ட் எதற்கு?



அமெரிக்காவில் காரின் எஞ்சினோடு தானியங்கிக் கியர் பெட்டியைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்துவோர் பலர். அவ்வேலை பெரும்பாலும் கெடுவது எங்கே என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

சாதாரணக் காரில் கிளச் இருக்கும் இடத்தில், தானியங்கிக் காரில் டார்க் கன்வர்ட்டர் என்னும் வட்டமான எஃகுக் கலம் இருக்கிறது. அதனுள் எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதிலிருந்து பாயும் எண்ணெய் எதிர்ச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்காகக் கண்ட முறை இது.

இக்கலத்தின் கழுத்தே பெட்டிக்குள் உள்ள எண்ணெய்ப் பம்பையும் இயக்குகிறது. ஆகவே முதலில் கலத்தைப் பெட்டியில் செருகி, மெல்லச் சுழற்றியவாறே உள்ளே தள்ளுதல் வேண்டும். சுழலும் தண்டு, சுழலாத தண்டு, பம்பு ஆகிய மூன்றிலும் அது படிய வேண்டும். பின்னரே பெட்டியை உயர்த்தலாம். கார் உறுதியான தாங்கிகள்மீது நிற்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்து.

முறையாகப் படிந்திருந்தால் பெட்டியும் எஞ்சினும் கைவிசையிலேயே இடைவெளியின்றிச் சேரும். கலமும் கையால் சுழலும். இடைவெளி தெரிந்தால் கலம் படியவில்லை என்று ஐயுறுக. அப்போது போல்ட்டை முடுக்கினால் பம்பு உடையும். போல்ட் சேர்ந்தவற்றைப் பிடித்து நிறுத்துவது. சேராதவற்றை இழுத்துச் சேர்ப்பதன்று.

விடை ஒத்துவராத கணக்கின் கடைசி வரியை மட்டும் மாற்றும் மாணவரிடம் நான் சொல்வது ஒன்றே: பின்னோக்கிச் சென்று, தவறிய படியைக் காண்க. இங்கும் அதுவே வழி.