குடும்பஸ்தனின் வேகக் கார்

கார் வாங்கும் மனிதர் இருவகையினர். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச் சேருவதற்காக வாங்குபவர் ஒருவர். ஓட்டுகின்ற இன்பத்துக்காகவே வாங்குபவர் மற்றவர். முதலாமவருக்கு நான்கு கதவும், பெட்டி படுக்கை வைக்க இடமும், பெற்றோற் சிக்கனமும் இருந்தாற் போதும். இரண்டாமவரோ இருவர் மாத்திரம் அமரக்கூடிய, நிலத்தோடு நிலமாய்த் தாழ்ந்த ஸ்போட்ஸ் காரைக் கனாக் காண்பவர். இந்த இரண்டாமவர் மணமுடித்து இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையுமான பின்னர் அவர் கண்ட கனா என்னாவது?

இக்கேள்விக்கு ஐரோப்பியப் பொறியியலாளர் கண்ட விடைதான் ‘ஸ்போட்ஸ் செடன்’. வெளித் தோற்றத்துக்கு வீட்டுக் கார். உள்ளே இருப்பதோ பந்தயக் குதிரையின் நெஞ்சம். இத்தாலியின் அல்பா ரோமியோ கம்பனி 1950இல் வெளியிட்ட 1900 என்னும் காரை, பந்தயத்தில் வெல்லும் குடும்பக் கார் என்றே விளம்பரஞ் செய்தது. இங்கிலாந்திலே 1959இல் வந்த ஜகுவார் மார்க் 2, வங்கிக் கொள்ளைக்காரருக்கும் அவர்களைத் துரத்திய பொலிஸாருக்கும் ஒருங்கே உகந்த வண்டி எனப் பெயரெடுத்தது. ஆயினும் இவ்வினத்தைச் சாதாரண உத்தியோகத்தனும் ஆசைப்படத் தக்க பொருளாக்கியது ஜேர்மனியின் மியூனிக் நகரத்துக் கம்பனி ஒன்று. பி. எம். டபிள்யூ. என்ற அதன் பெயரை இன்று அறியாதார் இல்லை. அது ஒருநாள் மாலைப்பொழுதில் இல்லாமற் போகவிருந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

விமான எஞ்சின்களோடு தொடங்கி, 1923இல் மோட்டார்ச் சைக்கிளுக்கும், 1928இல் காருக்கும் வந்த கம்பனி அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் கார்த் தொழிற்சாலை சோவியத் பகுதியில் அகப்பட்டுக்கொண்டது. 1950களில் மியூனிக்கில் அது செய்த கார்களைப் பார்த்தால் வேடிக்கையாயிருக்கும். ஒரு பக்கம் செல்வந்தருக்கான பெரிய கார்கள்; அவற்றை வாங்கப் போதிய செல்வந்தர் போரில் நொந்த நாட்டில் இல்லை. 507 என்ற அழகிய ஸ்போட்ஸ் கார் சுமார் 250 மட்டுமே செய்யப்பட்டது. மறு பக்கம் இசெற்றா என்னும் முட்டை வடிவச் சிறு வண்டி. மோட்டார்ச் சைக்கிள் எஞ்சினும், முகத்திலே ஒற்றைக் கதவும் கொண்டது. ஆனைக்கும் பூனைக்கும் இடையில் வேறொன்றுமில்லை! கம்பனி கடனில் மூழ்கியது.

1959ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி பங்காளர் கூட்டம் கூடியது. மேர்சிடிஸ் கார்களைச் செய்யும் டைம்லர்-பென்ஸ் கம்பனி இதனை விழுங்குவதற்கான திட்டம் மேசையில் இருந்தது. முடிவு ஏறத்தாழ எழுதப்பட்டதாகவே பலரும் எண்ணினர். தொழிலாளரும், கார் விற்பனையாளரும், சிறு பங்காளரும் மாத்திரம் மனமொப்பவில்லை. ஒரு நிலக்கரி வியாபாரியும் ஒரு வழக்கறிஞரும் எழுந்து கணக்கறிக்கையைத் துருவினர். புதிதாய் வந்த 700 என்னும் சிறு காருக்குச் செய்த செலவு முழுவதும் ஒரே ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டு, நட்டம் பெரிதாய்க் காட்டப்பட்டிருந்தது. கணக்கிற் குறை கண்டால், பத்திலொரு பங்கினர் கேட்டாலே கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்பது சட்டம். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, கெடுவுந் தவறியது, திட்டமும் கலைந்தது. கணிதத்தில் நாட்டமில்லாத மாணவர்கள் இந்த இடத்தை இன்னொருமுறை வாசிப்பார்களாக.

பின்னர் கம்பனியிற் பெரும் பணத்தை இட்டு அதனைத் தூக்கி நிறுத்தியவர் ஹேர்பெட் குவான்ற் என்னும் தொழிலதிபர். டைம்லர்-பென்ஸிலும் பங்கு வைத்திருந்த அவர், எதிர்த்து நின்ற சிறியோரின் உறுதியைக் கண்டு மனம் மாறினார். சிறு வயதிலேயே நோயினாற் கண்ணொளியைப் பெரிதும் இழந்தவர் அவர். காரோட்டும் இன்பத்தை உலகுக்கு விற்ற கம்பனியைக் காத்தவர் தாமே ஒரு காரை ஓட்டக்கூடிய பார்வையுடையவரல்லர் என்பதை நினைக்கும்போது மனம் சற்று நின்றுதான் போகிறது.

இடைவெளியை நிரப்பும் கார் 1961இல் பிராங்பேட் கண்காட்சியிற் காட்டப்பட்டது. ‘நோயே கிளாஸ’, அதாவது புதிய வகுப்பு, என்பது அவ்வரிசையின் பெயர். நான்கு கதவு, 1,499 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 80 பரிவலு. அந்த எஞ்சினை வகுத்தவர் அலெக்ஸ் பொன் பால்கன்ஹவுசன். பந்தயங்களிலே தாமே காரோட்டிப் பழகிய அப்பொறியியலாளர், பிற்காலத்திற் பெருப்பிக்க இடம்விட்டே அதனை வகுத்திருந்தார்.

1966இல் இதே வரிசையிலிருந்து இரண்டு கதவுடைய சிறிய கார் பிறந்தது. அதன்பின் நடந்தது கதைபோலத் தோன்றினும் மெய். பால்கன்ஹவுசன் தம் சொந்தக் காரில் 1,600 எஞ்சினைக் கழற்றிவிட்டு இரண்டு லீற்றர் எஞ்சினைப் பூட்டிக்கொண்டார். அதே கம்பனியின் திட்டமிடல் அதிகாரி ஹெல்முட் வேணர் போன்ஷ் என்பவரும், இவருக்குத் தெரியாமலே, அதனையே செய்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டது தொழிற்சாலைப் பட்டறையில்! அமெரிக்காவில் இக்கார்களை இறக்கி விற்ற மக்ஸ் ஹொவ்மனும் அதிக வலுவுள்ள காரைக் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார். 1968இல் 2002 என்ற பெயரோடு அந்தக் கார் வெளிவந்தது. எஞ்சின் 1,990 கன சென்ரிமீற்றர், 100 பரிவலு, எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் விலை 3,000 டொலருக்குட்பட்டது. டேவிட் ஈ. டேவிஸ் என்னும் பத்திரிகையாளர் அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் ‘கார் அன்ட் டிறைவர்’ சஞ்சிகையில் எழுதிய மதிப்புரை, பக்தன் பாடிய துதிபோல் அமைந்து, அக்காருக்கு அமெரிக்காவில் வாசலைத் திறந்துவிட்டது.

நூறு பரிவலு என்பது இன்று பெரிதன்று. அப்படியாயின் அந்தக் காரில் என்ன மாயம்? விடை வளைவிலே இருக்கிறது. நேர் பாதையில் எந்தக் காரும் ஓடும். வளைவிலேதான் காரின் குலங் கோத்திரம் வெளிப்படும். ஒரு கார் வளைவிற் புகும்போது அதன் பாரம் வெளிப்புறச் சில்லுகளுக்குச் சாய்கிறது. பிறேக்கை மிதித்தால் பாரம் முன்னே ஓடுகிறது. அக்சிலறேற்றரை மிதித்தால் பின்னே போகிறது. அக்காலத்து வீட்டுக் கார்கள் பெரும்பாலானவற்றில் பின்சில்லு இரண்டும் ஒரே இரும்பு அச்சிற் பூட்டப்பட்டிருந்தமையால், ஒன்று பள்ளத்தில் விழ மற்றதும் துள்ளியது. 2002இல் நான்கு சில்லுக்கும் தனித்தனி வில். திருப்பும் வேலை முன்சில்லுக்கு. தள்ளும் வேலை பின்சில்லுக்கு. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை. ஆகவே ரயரின் கீழே பாதை என்ன சொல்கிறது என்பதைச் சுக்கான் ஓட்டுபவனின் உள்ளங்கைக்குத் தெளிவாய்ச் சொல்லும். மெல்லிய தூண்களும் அகன்ற கண்ணாடிகளும் நாற்புறமும் வெளியைக் காட்டும். பின்னாசனத்திலோ பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டிருக்கலாம்.

குறையும் உண்டு. வளைவின் நடுவே பயந்து அக்சிலறேற்றரிலிருந்து காலைச் சடுதியாய் எடுத்தால், பின்புறம் வெளியே வீசத் தலைப்படும். காரை மதியாதவனை அதுவும் மதிக்காது. இந்தக் கண்டிப்பையும் சேர்த்தே அதன் அன்பர்கள் விரும்பினார்கள் போலும்.

இனி வாங்கும் இன்பம். ஜேர்மனியிலே புதுக் காரைத் தொழிற்சாலைக்கே சென்று குடும்பத்தோடு ஏற்றுவரும் வழக்கம் உண்டு. வொல்ப்ஸ்பேக் நகரத்தில் வொக்ஸ்வாகன் கார்கள் 48 மீற்றர் உயரமான இரு கண்ணாடிக் கோபுரங்களில் அடுக்கப்பட்டு, உரியவர் வந்ததும் இறக்கப்படுகின்றன. மியூனிக்கில் 2007இல் திறக்கப்பட்ட பி. எம். டபிள்யூ. மண்டபத்தில் மணவறை போன்ற மேடையிற் கார் சுழன்றுகொண்டு நிற்கும். பெண்பார்க்க வந்தவர்போல் உரிமையாளர் படியிறங்கி வருவார்! அமெரிக்கர் பலர் 2020 வரையும் இதற்கென்றே கடல் கடந்து சென்றனர். ஊரிலே பணத்தைக் கட்டிவிட்டு, மியூனிக்கிற் காரை ஏற்று, ஐரோப்பாவைச் சுற்றி ஓட்டிவிட்டு, கப்பலில் ஏற்றிவிட்டு வீடு திரும்புவது அவ்வேற்பாடு. அவ்வாண்டு அது நிறுத்தப்பட்டது.

புதுக் காரை வாங்கியவுடன் பறக்கவும் இயலாது. முதல் 2,000 கிலோமீற்றர் வரை எஞ்சினை அதிகம் வருத்தலாகாது என்று கைந்நூல் விதிக்கிறது. 1950களில் ஆங்கிலேயர் இக்காலத்திற் காரின் பின்கண்ணாடியில், புதுவண்டி பழகுகிறது, முந்திச் செல்லுங்கள் என்னும் பொருள்பட ஓர் அட்டையை ஒட்டிவைப்பர். அந்த அட்டையில் எவ்வளவு பணிவு, எவ்வளவு பெருமை! வலுவைக் கையில் வைத்துக்கொண்டும் பயன்படுத்தாதிருக்கும் அந்த வாரங்களிலேதான் காரும் மனிதனும் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள் என்பது எமது எண்ணம்.

மியூனிக்கிலிருந்து தெற்கே திரும்பினால் அல்ப்ஸ் மலை. 1935இல் திறக்கப்பட்ட ஒஸ்திரியாவின் குறொஸ்குளொக்னர்ப் பாதை 48 கிலோமீற்றர் நீளம். 36 கொண்டை வளைவுகள். அது 2,500 மீற்றர் உயரம் வரை ஏறுகிறது. வளைவுக்கு முன் பிறேக், கியரை இறக்கல், சுக்கானைத் திருப்பல், வளைவின் வாயில் திறந்ததும் மெல்ல அக்சிலறேற்றர்: நான்கு செயலும் தாளந் தப்பாமல் வந்துவிட்டால் வேகமானி 50ஐக் காட்டினாலும் போதும். பயணிகளின் தலை ஆடாது. நல்லோட்டத்துக்கு அதுவே சான்று.

நமது நாட்டில் இக்கதை எதற்கு என்பார்க்கு ஒரு சொல். 2020இலிருந்து ஏறத்தாழ ஐந்தாண்டு தனியார் கார் இறக்குமதியே தடைப்பட்டிருந்தது. 2025இல் தடை நீங்கியபோது வரி மலைபோல் நின்றது. நெடுஞ்சாலையிலும் 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட்ட அனுமதியில்லை. என்றாலும், கடுகண்ணாவைக் கணவாயில் பழைய ஒஸ்ரினை நல்ல சாரதி ஒருவர் ஏற்றும்போது அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, மேலே சொன்ன தாளம் புதிதன்று.

2002 வரிசையில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அதன் வழித்தோன்றலாய் 1975இல் 3ஆம் வரிசை வந்தது. 2024இல் அதே கம்பனி வெளியிட்ட எம்5 செடனின் வலு 700 பரிவலுவுக்கு மேல். எடையோ 2,400 கிலோவுக்கு மேல். இரண்டு 2002களைத் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் மறு தட்டு எழாது. வேகம் பெருகியிருக்கிறது, உள்ளங்கைக்குக் கேட்ட அந்தப் பேச்சும் பெருகியதா என்பது ஐயம். கிளச் மிதியும் ஒவ்வொரு காராய் மறைந்து வருகிறது. 2025இல் மின்சாரக் கார் வரிசையொன்றுக்குக் கம்பனி ‘நோயே கிளாஸ’ என்ற பழைய பெயரையே மீண்டும் சூட்டியது.

பால்கன்ஹவுசன் இடம்விட்டு வகுத்த அந்த எஞ்சினின் கதையும் 2002உடன் முடியவில்லை. 1983இல் நெல்சன் பிக்கே உலகப் பந்தயச் சம்பியனாக வென்றபோது அவரது பிறபாம் காரை இழுத்தது, 1961இல் வீட்டுக் காருக்கென வகுத்த அதே எஞ்சின் வார்ப்பை அடியாகக் கொண்டதுதான். நெடுந்தூரம் ஓடிப் பழகிய பழைய வார்ப்புகளையே பந்தயத்துக்குத் தேடி எடுத்தனர் என்றும் சொல்வதுண்டு.