வீட்டில் நீச்சல் குளம்: செலவுக்கேற்ற நலம் கிடைக்குமா?

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளிலும், கோவை, பொள்ளாச்சிப் பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் தனி நீச்சல் குளம் கட்டும் வழக்கம் பரவி வருகிறது. குடும்பத்துக்கு உடற்பயிற்சி, பிள்ளைகளுக்கு விளையாட்டு என்ற இரண்டையும் எண்ணியே பலர் இதில் இறங்குகிறார்கள். ஒப்பந்தக்காரர் தரும் மதிப்பீட்டில் குழி, கான்கிரீட், டைல்ஸ், பம்ப், ஃபில்டர் ஆகியவற்றின் விலை இருக்கும். தண்ணீர், மின்சாரம், மருந்து, வேலி, அன்றாடக் கண்காணிப்பு ஆகியவை அதில் இருக்காது. குளத்தால் உடல்நலம் வளருமா, கெடுமா என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இவைதான்.

நீச்சல் உடலுக்குச் செய்வது

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐந்து நாள் அரை மணி நேரம் நீந்தினால் அது நிறைவேறிவிடும். இதயமும் நுரையீரலும் வலுப்பெறும். தோள், முதுகு, தொடைத் தசைகள் ஒரே சமயத்தில் இயங்கும். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் தாங்குகின்றன. மார்பளவு ஆழத்தில் அது இன்னும் குறையும். முழங்கால் தேய்மானத்தால் நடக்க முடியாதவர் தண்ணீருக்குள் வலியின்றி நடக்க முடிவது இதனால்தான்.

வீட்டுக் குளத்தின் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. போட்டிக் குளங்கள் 25 அல்லது 50 மீட்டர் நீளமுள்ளவை. வீடுகளில் கட்டப்படுபவை பெரும்பாலும் 8 முதல் 10 மீட்டர்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர் நான்கைந்து வீச்சில் எதிர்ச் சுவரைத் தொட்டுவிடுவார். தொடர்ந்து நீந்தும் பயிற்சி அங்கே கைகூடாது. நீர்நடை, மூட்டுப் பயிற்சி, குழந்தைகளுக்குத் தொடக்கப் பாடம் ஆகியவற்றுக்கு அந்த அளவு போதும். ஆகவே, குளம் யாருக்காக, எந்தப் பயிற்சிக்காக என்பதைக் குழி வெட்டும் முன்பே முடிவு செய்வது நல்லது.

கட்டிய பின் வரும் செலவு

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் ஏறத்தாழ 45,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 9,000 லிட்டர் லாரி என்றால் ஐந்து நடை. கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானாலும் 190 லிட்டருக்கு மேல் குறையும். மாதத்தில் 5,700 லிட்டருக்கு மேல் புதிதாக ஊற்ற வேண்டியிருக்கும். ஃபில்டரைப் பேக்வாஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் வெளியேறுகிறது. சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்ட 2019 போன்ற ஆண்டுகளில் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குக் குடும்பம் முன்பே விடை வைத்திருக்க வேண்டும். மேலே விரித்து மூடும் உறை ஆவியாதலைப் பெருமளவு குறைக்கும். குளத்துக்கு வாங்கும் பொருள்களில் இதைவிடப் பயனுள்ளது குறைவு.

குளத்தின் தண்ணீர் முழுவதும் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஒரு முறையாவது ஃபில்டர் வழியே சென்று வர வேண்டும். முக்கால் கிலோவாட் பம்ப் தினமும் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 360 யூனிட் ஆகும். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிநிலையாக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டும் வீடு அதிக விகிதத்தில் கட்ட வேண்டும். குளத்தின் மின்செலவு வீட்டின் மொத்தக் கணக்கையும் மேலே தள்ளிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டுமானம் 12 லட்சம் ரூபாய், ஆயுள் 20 ஆண்டு, பராமரிப்பு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தேய்மானம் 60,000, பராமரிப்பு 1,20,000 என ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் ஆகிறது. அந்த 12 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் 84,000 ரூபாயையும் சேர்த்தால் 2,64,000. ஆண்டில் 180 நாள் நீந்தும் குடும்பத்துக்கு ஒரு நாள் நீச்சலின் விலை ஏறத்தாழ 1,470 ரூபாய். 40 நாள் மட்டும் இறங்கும் குடும்பத்துக்கு 6,600 ரூபாய். தொகைகள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் விலையை நிர்ணயிப்பது பயன்படுத்தும் நாள்களின் எண்ணிக்கை என்பது எங்கும் மாறாது. விடுமுறைக்கு மட்டும் ஆள் வரும் பண்ணை வீடுகள் இந்தக் கணக்கில் மிகவும் அடிபடுகின்றன.

குழந்தைகளின் உயிர்

நீரில் மூழ்கி 2021-இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் இறந்தார்கள் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணம் இதுவே. அந்த வயதில் அதிகமாக நடப்பது வீட்டு நீச்சல் குளங்களில். சிறு குழந்தை மூழ்கும்போது அலறுவதில்லை, கையை ஆட்டுவதும் அரிது. வாயும் மூக்கும் தண்ணீருக்குள் போனபின் குரல் எழ வழியில்லை. மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நான்கைந்து நிமிடம் கழிந்தாலே நிலையான பாதிப்பு தொடங்கக்கூடும். அடுப்பில் வைத்த பாலை இறக்கிவிட்டு வரும் நேரம்தான் அது.

வீட்டைச் சுற்றி மதில் இருக்கிறது, கதவும் பூட்டியிருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மதில் வெளியாரைத்தான் தடுக்கும். குளத்தில் விழும் குழந்தை வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. குளத்தை மட்டும் நான்கு பக்கமும் தனியாகச் சூழும் வேலி, மனையின் எல்லை வேலியோடு ஒப்பிடும்போது குழந்தை மூழ்கும் அபாயத்தை 83 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் கூறுகிறது. ஆஸ்திரேலியாவில் இத்தகைய வேலி சட்டப்படி கட்டாயம். அதன் உயரம் குறைந்தது 1.2 மீட்டர். கதவு தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். பிரான்ஸ் 2003-இல் இயற்றிய சட்டத்தின்படி தனியார் குளத்துக்கு வேலி, உறை, எச்சரிக்கை மணி, மூடிய கூடம் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். எந்தச் சட்டமும் வற்புறுத்தாவிட்டாலும், வேலிக்கான பணத்தைக் குளத்தின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். வேலிக்குப் பணம் இல்லையென்றால் குளத்துக்கும் பணம் இல்லை என்றே கொள்வது சரி. வேலியை ஒட்டி நாற்காலியோ பூந்தொட்டியோ இருந்தால் குழந்தை அதில் ஏறித் தாண்டிவிடும்.

அடித்தள வடிகாலும் கவனிக்க வேண்டியது. பம்ப் இழுக்கும் விசை ஒரே துளையில் குவிந்தால் நீண்ட தலைமுடியையோ உடலையோ பிடித்துக்கொள்ளும். இடைவெளி விட்டு இரண்டு வடிகால்களும், குவிந்த வடிவ மூடிகளும் வைப்பது இதைத் தடுக்கும். நீருக்கடியில் உள்ள விளக்கு 12 வோல்ட்டில் இயங்க வேண்டும். பம்ப் இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி கட்டாயம் தேவை.

மூழ்கியவரைத் தூக்கியதும் வயிற்றை அழுத்துவதும், தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் நம் ஊரில் இன்னும் நடக்கின்றன. இவற்றால் பொன்னான நேரம் போகிறது, வாந்தி நுரையீரலுக்குள் செல்லவும் கூடும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, 30 மார்பு அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். திடீரென இதயம் நின்றவருக்கு மார்பு அழுத்தம் மட்டும் போதலாம், ஆனால் மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பது தவிர்க்க முடியாதது. குளம் உள்ள வீட்டில் பெரியவர்கள் இருவராவது இதை முறையாகப் பழகியிருக்க வேண்டும்.

தண்ணீரின் தூய்மை

குளத்து நீரில் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஎச் 7.0-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். நமது வெயிலில் காப்புப் பொருள் சேர்க்காத குளோரின் சில மணி நேரத்திலேயே பெருமளவு சிதைந்துவிடும். அதைக் காக்கச் சயனூரிக் அமிலம் கலந்தால் குளோரினை 2 மில்லிகிராமாவது வைத்திருக்க வேண்டும். சோதனைப் பட்டையால் குளோரின், பிஎச் இரண்டையும் அளப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் நாள்தோறும் செலவிடப்படாத குளத்தில் பாசி பிடிக்கும்; காதுவலி தரும் சூடோமோனாஸ் பாக்டீரியா பெருகும். உப்பு நீர்க் குளத்தில் குளோரின் கிடையாது என்ற நம்பிக்கை தவறானது. அங்குள்ள கருவி உப்பிலிருந்து குளோரினைத்தான் தயாரிக்கிறது.

மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாசம்’ சுத்தத்தின் அடையாளமன்று. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு குளோரின் கலந்து உண்டாகும் குளோரமினின் நெடி அது; கண் சிவப்பதும் ஆஸ்துமாக்காரருக்கு இருமல் வருவதும் அதனால்தான். இறங்கும் முன் குளித்துவிட்டு வந்தால் இது வெகுவாகக் குறையும். வயிற்றுப்போக்கு உள்ளவர் இறங்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, சரியாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிர் வாழும்.

வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி அமீபா மூக்கு வழியே மூளையை அடையும். அது உண்டாக்கும் மூளை நோயால் 2024-இல் வட கேரளத்தில் குழந்தைகள் இறந்தார்கள். ரசாயனமே வேண்டாம் என்று கிணற்று நீரை அப்படியே நிரப்பி வைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மருந்துகளும் ஆபத்தானவை. குளோரின் பொடியும் அமிலமும் ஒன்று சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அறையில், ஒரே அளவுக் கிண்ணத்தோடு வைக்கக் கூடாது. வாளித் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கொசு

பம்ப் ஓடி, குளோரின் சரியாக உள்ள குளத்தில் கொசு பெருகாது. நின்றுபோன குளம் அப்படியல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் தட்பவெப்பத்தில் முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாள் போதும். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம் வெளியூர் போவது, மழைக்காலத்தில் பம்பை நிறுத்துவது என இரண்டுமே தெரு முழுவதையும் பாதிக்கும். கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பகுதியில் 2007-இல் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் கைவிடப்பட்ட வீடுகளின் பச்சை பிடித்த குளங்கள், அங்கே வெஸ்ட் நைல் காய்ச்சல் அதிகரித்ததோடு தொடர்புபடுத்தப்பட்டன.

யாருக்குத் தகும்

வாரத்தில் நான்கைந்து நாள் தவறாமல் இறங்குபவர், மூட்டு நோய்க்கு நீர்ப்பயிற்சி தேவைப்படுபவர், பராமரிப்பைத் தாமே செய்பவர் அல்லது நம்பகமான ஆளை வைத்திருப்பவர் ஆகியோருக்குச் செலவு வீணாகாது. வலிப்பு நோய் உள்ளவர் தனியாக நீந்தவே கூடாது. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீரிழிவுக்காரர் காலில் புண் இருந்தால் இறங்கக் கூடாது. இன்சுலின் போடுபவர் சர்க்கரை தாழ்வதை எண்ணி, கரையில் இனிப்பான ஏதாவது வைத்திருக்க வேண்டும். மது அருந்தியவருக்குக் குளம் கூடாது.

நடக்கத் தொடங்கிய குழந்தை உள்ள வீடு சில ஆண்டு பொறுப்பதே மேல். அதற்குள் குடும்பம் ஓராண்டு பொதுக் குளத்துக்குப் போய்ப் பார்க்கலாம். சென்னையில் மாநகராட்சியின் மெரினா குளமும், 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி வளாகமும் இருக்கின்றன. அங்கே பயிற்றுநர், உயிர்காப்பாளர், முழு நீளக் குளம் மூன்றும் உண்டு. அந்த ஓராண்டில் எத்தனை நாள் போனார்கள் என்ற எண்ணை மேலே சொன்ன கணக்கில் போட்டால் விடை கிடைத்துவிடும்.

பயன்படாத குளம்

ஏற்கெனவே கட்டி, இப்போது யாரும் இறங்காத குளத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. தண்ணீரை வடித்துவிட்டால் போதும் என்பதும் சரியன்று. கடற்கரைப் பகுதிகளில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும்போது வெற்றுத் தொட்டி மேலே தூக்கப்பட்டு விரிசல் விடும். மழைநீர் தேங்கும் வெற்றுக் குழியும் குழந்தைக்கு ஆபத்துதான். நிரந்தரமாக மூடுவதானால் அடித்தளத்தில் நீர் வடியத் துளையிட்டு, மண்ணை அடுக்கடுக்காக இட்டுத் திமிசு போட்டு நிரப்ப வேண்டும். அந்த வேலை நடக்கும் வரை வேலியைப் பிரிக்கக் கூடாது. தேங்கிய நீரில், கிணறுகளில் விடுவது போலக் கம்பூசியா அல்லது கப்பி மீன்களை விட்டால் கொசுப்புழுக்களைத் தின்றுவிடும். குளோரின் உள்ள நீரில் அவை பிழைக்காது என்பதால் மருந்தை நிறுத்திச் சில நாள் கழித்தே விட வேண்டும்.