தறியிற் பிறந்த மோட்டார் வண்டி

ஒரு பொருளின் பெயரைச் சொன்ன மாத்திரத்தே அதன் குணமும் கேட்போர் உள்ளத்தில் எழுமாயின், அப்பெயர் புகழ்பெற்ற பெயர் எனக் கொள்ளலாம். டொயோட்டா என்னும் பெயர் அத்தகையது. எளிதிற் பழுதுபடாது, பழுதுபட்டாலும் உதிரிப்பாகம் கிடைக்கும், திரும்ப விற்றாலும் நல்ல விலை போகும் என்னும் மூன்று சொற்களையும் அப்பெயரோடு சேர்த்தே மக்கள் வழங்குகின்றனர். நம் நாட்டில் 'டொல்பின்' எனச் செல்லப்பெயர் பெற்று, சனங்களையும் சாமான்களையும் சுமந்தோடும் வான், அக்கம்பனியின் ஹையேஸ் வண்டியே. யப்பானிலும் இங்கு போலவே வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்லுகின்றன. ஆதலின், அங்கு சில ஆண்டுகள் ஓடிய வண்டிகள் இங்கு வந்து ஓடுவதும் எளிதாயிற்று.

இம்மதிப்பு எவ்வாறு உண்டாயிற்று? தொடக்கம் முதலே பழுதற்ற வண்டிகளைச் செய்தமையால் உண்டாயிற்று என நாம் நினைக்கலாம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அக்கம்பனி செய்த முதல் லொறிகள் வழியிலே முறிந்து நின்றன. அது அமெரிக்காவுக்கு அனுப்பிய முதற் கார் தோல்வியுற்றுத் திரும்பியது. எனவே, பழுதே நேராமை அதன் புகழுக்குக் காரணம் அன்று. பழுது நேர்ந்தவிடத்து வேலையை நிறுத்தி, அதன் வேரைத் தேடிக் களைந்த பழக்கமே காரணம். அப்பழக்கமும் மோட்டார்த் தொழிலிற் பிறந்ததன்று. நெசவுத் தறியிற் பிறந்தது.

சாகிச்சி டொயோடா என்பவர் 1867ஆம் ஆண்டில், இன்று ஷிசுவோக்கா மாகாணத்தைச் சேர்ந்த கொசாய் பகுதியிலே, ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார். தந்தையின் தச்சுத் தொழிலைக் கற்ற அவர், கிராமத்து வீடுகளிலே பெண்கள் கைத்தறியில் நாள் முழுவதும் பாடுபடுவதைக் கண்டு, தறியைத் திருத்துவதிலே கருத்தூன்றினார். 1891இல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1896இல் நீராவியால் இயங்கும் தறியைச் செய்தார்.

நெசவறிந்தோர் ஒரு தொல்லையை நன்குணர்வர். பாவு நூல்களின் ஊடே நாடா ஓடி ஊடை நூலை இழுத்துச் செல்லும்போது, நூல் அறுந்துவிடின் கைத்தறிக்காரன் உடனே நிறுத்திவிடுவான். பொறித்தறியோ நூல் அறுந்ததை அறியாது ஓடிக்கொண்டேயிருக்கும். துணியும் பழுதாகும். அதனைக் காவல் காப்பதற்கென்றே தறிதோறும் ஒருவர் நிற்கவேண்டும். சாகிச்சி அவர்கள் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடுமாறு ஓர் அமைப்பைக் கண்டார். 1924இல் முழுமை பெற்ற அவருடைய தானியங்கித் தறியில், நூல் தீர்ந்த நாடாவுக்குப் பதிலாக வேறொரு நாடா தறி ஓடும்போதே புகும். நூல் அறுந்தால் தறி நிற்கும். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. தானாக இயங்குதலைக் குறிக்கும் யப்பானியச் சொல்லில் மனிதனைக் குறிக்கும் உறுப்பொன்றைச் சேர்த்தெழுதி, இக்கொள்கையை 'ஜிடோக்கா' என அக்கம்பனியார் வழங்குகின்றனர். பொறி ஓடினால் மட்டும் போதாது. பிழையைக் கண்டு நிற்கும் மனிதப் புத்தியும் அதற்கு வேண்டும் என்பதே அதன் பொருள்.

இங்கிலாந்திலே ஓல்டம் நகரில் இருந்த பிளாட் சகோதரர் கம்பனி, நெசவுப்பொறி செய்வதில் உலகப் புகழ் பெற்றது. அக்கம்பனி 1929இல் ஒரு லட்சம் பவுணுக்கு இத்தறியின் உரிமையைப் பெற உடன்பட்டது. கீழைநாடுகளுக்குப் பொறிகளை விற்றுவந்த நாடு, கீழைநாட்டுத் தச்சர் மகனின் கண்டுபிடிப்பை விலைகொடுத்து வாங்கிற்று. மறு ஆண்டிலே சாகிச்சி காலமானார்.

அவருடைய மகன் கீச்சிரோ டொயோடா, தோக்கியோப் பல்கலைக்கழகத்திலே பொறியியல் பயின்றவர். 1923இல் நிகழ்ந்த பெரும் பூகம்பம் தோக்கியோவின் தண்டவாளங்களைச் சிதைத்தபோது, அமெரிக்காவிலிருந்து தருவித்த போர்ட் வண்டிகளே பஸ்களாக ஓடி நகருக்கு உதவின. அதன்பின் போர்ட் கம்பனி 1925இல் யொக்கோகாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பனி 1927இல் ஒசாக்காவிலும் வண்டிகளைப் பொருத்தும் தொழிற்சாலைகளை நிறுவின. யப்பானிய வீதிகளில் ஓடிய கார்களிற் பெரும்பாலானவை அமெரிக்கக் கார்களே. இந்நிலையிலே, 1933இல் தந்தையாரின் தறித் தொழிற்சாலையின் ஒரு பகுதியாகக் கீச்சிரோ மோட்டார்ப் பிரிவைத் தொடங்கினார். 1935இல் ஜீ1 என்னும் லொறி வெளிவந்தது. 1936இல் ஏஏ என்னும் கார் வந்தது.

லொறி பலமுறை முறிந்தது. விற்றபின் கைகழுவிவிடாது, வண்டி நின்ற இடந்தோறும் ஆட்கள் சென்று பழுதுபார்த்தனர். எது முறிந்தது, ஏன் முறிந்தது என்ற செய்தி தொழிற்சாலைக்கு வந்தது. அடுத்த லொறி அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அறுந்த நூலுக்காகத் தறியை நிறுத்திய அதே நோக்கு இங்கும் தொழிற்பட்டதைக் காண்கிறோம்.

பெயரைப்பற்றியும் ஒரு சொல். குடும்பப் பெயர் டொயோடா. 'வளமான வயல்' என்பது அதன் பொருள். 1936இல் வண்டிக்குரிய சின்னத்தைத் தெரிவதற்குப் பொதுமக்களிடையே ஒரு போட்டி வைத்தனர். அதன் பயனாக டொயோட்டா என ஓசை மாறிற்று. அதனை யப்பானிய எழுத்தில் எழுதுவதற்கு 8 கோடுகள் வேண்டும். 8 அங்கு மங்கல எண். 1937இல் டொயோட்டா மோட்டார்க் கம்பனி தனி நிறுவனமாயிற்று. 1938இல் அதன் பெரிய தொழிற்சாலை கொரொமோ என்னும் ஊரில் எழுந்தது. 1959இல் அவ்வூரே டொயோட்டா நகரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

போருக்குப்பின் வந்த சோதனை கடுமையானது. 1949இல் பணவீக்கத்தை அடக்குவதற்கு அரசு மேற்கொண்ட இறுக்கமான நிதிக் கொள்கையால் வண்டிகள் விலைபோகவில்லை. சம்பளம் கொடுக்கவும் வழியில்லை. தொழிலாளரை நீக்குவதில்லை என உறுதியளித்திருந்த கீச்சிரோ, வங்கிகளின் உதவியின்றிக் கம்பனி பிழையாது என்ற நிலைக்கு வந்தார். 1950இல் வேலைநிறுத்தம் மூண்டது. ஈற்றில் ஏறக்குறைய 2,000 பேர் வேலையை விட்டு நீங்கினர். வாக்குத் தவறியமைக்குப் பொறுப்பேற்றுக் கீச்சிரோவும் தலைமைப் பதவியைத் துறந்தார். அம்மாதமே கொரியாவில் யுத்தம் மூண்டது. அமெரிக்கப் படையினர் லொறிகளுக்குக் கட்டளை கொடுத்தனர். கம்பனி உயிர் பெற்றது. அயல்நாட்டார் உற்ற துன்பமே அதற்கு வாழ்வளித்தது என்னும் உண்மையை மறைத்துச் சொல்லுதல் முறையன்று. மீண்டும் தலைமை ஏற்க இணங்கியிருந்த வேளையிலே, 1952இல் கீச்சிரோ தமது 57ஆம் வயதிற் காலமானார். அவர் கனவு கண்ட நல்ல கார், கிறவுண் என்னும் பெயருடன் 1955இல் வெளிவந்தபோது, அதனைக் காண அவர் இல்லை.

இவ்வறுமைக் காலத்திலேதான் டொயோட்டா முறை என உலகம் போற்றும் உற்பத்தி முறை உருவாயிற்று. அதனை வகுத்தவருள் முதன்மையானவர் தாயிச்சி ஓனோ. இவரும் நெசவாலையிற் பணி தொடங்கி, 1943இல் மோட்டார்க் கம்பனிக்கு மாறியவர். சாமான்களை மலைபோற் குவித்துவைக்கப் பணமில்லை. ஆகவே, வேண்டிய பாகம் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவே வந்துசேரவேண்டும் என்றார். அமெரிக்கச் சுயசேவைக் கடைகளிலே, வாங்குவோர் எடுத்த பண்டத்தின் அளவுக்கே தட்டு மறுபடியும் நிரப்பப்படும். அதனைப் பின்பற்றி, பாகங்களின் பெட்டியோடு 'கன்பன்' என்னும் அட்டை ஒன்றை வைத்தனர். அட்டை திரும்பி வந்தாலன்றி அடுத்த பாகம் செய்யப்படாது.

இம்முறையின் மற்றைப் பகுதி, தறியிலிருந்து வந்த பாடம். வண்டிகள் வரிசையாக நகரும் இடத்திலே தொழிலாளர் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு தொங்கும். பிழை கண்ட எத்தொழிலாளியும் அதனை இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கெரியும்; மேற்பார்வையாளர் வருவார்; பிழை தீராவிடின் வரிசை முழுவதும் நிற்கும். பின்னர் 'ஏன்?' என்னும் கேள்வியை ஐந்து முறை கேட்கவேண்டும் என்பது ஓனோவின் விதி. உதாரணமாக, ஒரு காரின் கதவு சரியாக மூடவில்லை எனக் கொள்வோம். ஏன்? கீல் கோணலாயிருக்கிறது. அது ஏன்? ஆணித்துளை விலகியிருக்கிறது. அது ஏன்? துளையிடும் ஊசி தேய்ந்துவிட்டது. தேய்ந்த ஊசியை மாற்றாதது ஏன்? எத்தனை துளைக்குப்பின் மாற்றுவதென்ற கணக்கு எவரிடமும் இல்லை. அது ஏன்? அக்கணக்கு எவருடைய கடமையென்று வகுக்கப்படவில்லை. கதவைத் தட்டிச் சரிசெய்வோன் ஒரு காரைத் திருத்துகிறான். கணக்கு வைப்போனை நியமிப்பவனே இனிவரும் கார்களையெல்லாம் திருத்துகிறான்.

வெளிநாட்டுச் சந்தையும் இப்பாடத்தையே கற்பித்தது. 1957இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கிறவுண் கார், யப்பானின் கரடுமுரடான வீதிகளுக்கு ஏற்ற உறுதியுடையது. ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலைகளிலே நெடுந்தூரம் விரைந்தோடும் வலு அதற்கில்லை; எஞ்சின் சூடேறிற்று. 1958இல் கம்பனி அங்கு விற்ற வண்டிகள் 288 மாத்திரமே. 1960இல் அக்காரை விற்பதை நிறுத்திக்கொண்டனர். குறைகளை ஆராய்ந்து, வலுமிக்க எஞ்சினோடு கொறோனா என்னும் காரை 1965இல் அனுப்பினர். அது வரவேற்பைப் பெற்றது. 1966இல் யப்பானில் கொறொல்லா வெளிவந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி சிக்கனமான சிறு கார்களுக்கு மேலும் வழி திறந்தது. 1997இல் கொறொல்லா, ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் பீட்டிலைத் தாண்டி, உலகில் மிகுதியாக விற்பனையான கார்ப் பெயராயிற்று. அதே ஆண்டின் ஈற்றிலே, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்த பிறியஸ் காரும் வெளிவந்தது.

யப்பானியர் இயல்பாகவே ஒழுங்குள்ளவர். அதனாலேதான் இம்முறை அங்கு வென்றது என்பாருமுளர். அவர்களுக்குக் கலிபோர்னியாவின் பிறீமொன்ற் நகர் விடை தருகிறது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை, வேலைக்கு வாராமைக்கும் பிணக்குகளுக்கும் பெயர்போனதாகி 1982இல் மூடப்பட்டது. 1984இல் இரு கம்பனிகளும் கூடி அதனைத் திறந்து, பழைய தொழிலாளருட் பெரும்பாலோரையே மீண்டும் அமர்த்தி, டொயோட்டா முறையிலே நடத்தின. அதே கைகள் மிகச் சிறந்த வண்டிகளைச் செய்தன. கயிற்றை இழுப்பவன் தண்டிக்கப்படமாட்டான் என்ற நம்பிக்கையே அங்கு புதிதாக வந்தது.

இனிக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2008இல் டொயோட்டா விற்பனையில் ஜெனரல் மோட்டார்ஸை முந்தியது. 2009 ஓகஸ்ட் மாதத்தில் கலிபோர்னியாவிலே, டொயோட்டாவின் உயர்தர வகையான லெக்சஸ் கார் ஒன்றில், பொருந்தாத தரைவிரிப்பிலே அக்சிலேற்றர் மிதி சிக்கி, வேகத்தைக் குறைக்க முடியாமற்போய் நால்வர் உயிரிழந்தனர். மிதி திரும்பாது ஒட்டிக்கொள்ளும் வேறொரு குறையும் வெளிப்பட்டது. பல மில்லியன் வண்டிகள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன. 2010 பெப்ருவரியில் கீச்சிரோவின் பேரனும் அப்போதைய தலைவருமான அகியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸின் முன் தோன்றி, கம்பனி அளவுக்கு மீறிய விரைவில் வளர்ந்துவிட்டதோ என்ற அச்சத்தை வெளியிட்டு வருத்தந் தெரிவித்தார். மின்னணுக் கருவிகளிலே குற்றமில்லை என 2011இல் அமெரிக்க அரசின் ஆய்வு கூறியது. எனினும், குறைகளைப்பற்றி மக்களுக்குத் தவறான எண்ணத்தை உண்டாக்கியமைக்காக 2014இல் 1.2 பில்லியன் டொலர் தண்டம் செலுத்தக் கம்பனி உடன்பட்டது. மேலும், அதன் துணைக் கம்பனியாகிய டைஹற்சு, பாதுகாப்புச் சோதனைகளிற் பல்லாண்டுகளாக முறைகேடு செய்தமை 2023இல் அம்பலமாயிற்று. 2024இல் டொயோட்டாவின் சோதனைகளிலும் முறைகேடுகள் கண்டறியப்பட்டன.

இவற்றிலே கருத்திருத்த வேண்டியது ஒன்றுண்டு. தொழிற்சாலையிலே ஓர் ஆணி தளர்ந்தால் கயிற்றை இழுக்க ஆள் இருந்தான். காலக்கெடுவால் நெருக்கப்பட்ட சோதனைக் கூடத்திலும், கணக்குப் பார்க்கும் மேலிடத்திலும் அக்கயிறு இல்லாதுபோயிற்று. நூல் அறுந்தும் தறி ஓடியது. துணியின் பழுதைக் கழித்தெறியலாம். வீதியில் மாண்டவரை மீட்க இயலாது.

நேயர்களே, கம்பனி ஒன்று வண்டிகளை மீள அழைக்கும் செய்தியைக் கேட்டால், அவ்வண்டி கெட்டதென்று நாம் ஏளனம் செய்கிறோம். உண்மையில், கயிறு இழுக்கப்பட்ட ஓசையே அது. அஞ்சத்தக்கது, இழுக்கப்படாத கயிறு. பிறநாட்டில் ஓடிப் பழகிய வண்டியை வாங்குவோருக்கு அவ்வழைப்புக் கடிதம் வந்துசேராமற் போகலாம். ஆகையால் வண்டியின் சட்டக எண்ணைக்கொண்டு, அதற்குத் திருத்தம் ஏதும் செய்யவேண்டியிருக்கிறதா என வாங்குமுன் விசாரித்தறிதல் நலம். முகப்பிலுள்ள சின்னம் நேற்றுவரை செய்த நல்ல வேலைக்குச் சான்று. இன்றைய வேலைக்கு, பிழை கண்டால் நிறுத்தும் துணிவே சான்று.