பில் போட்டால் வரி சேருமா?
உழவர்கள் அறிய வேண்டிய விற்பனை வரிக் கணக்கு

"பில் வேண்டுமா? பில் போட்டால் வரி சேரும்." விதையோ, பூச்சி மருந்தோ வாங்கக் கடைக்குப் போகும் உழவர்கள் பலர் இப்பேச்சைக் கேட்டிருப்பார்கள். நாலு காசு மிச்சம் என்று எண்ணி, துண்டுக் காகிதத்தில் எழுதிய கணக்கோடு திரும்பிவிடுவதும் உண்டு. இதனால் மிச்சமாவது என்ன, போவது என்ன என்று உசிலம்பட்டி வட்டார உழவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

விற்பனை வரி நமக்குப் புதியதல்ல. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரி வந்தது நம் மாகாணத்தில்தான். மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட, ராஜாஜியின் அமைச்சரவை 1939-ல் இவ்வரியைக் கொண்டுவந்தது. பிறகு 1959-ல் புதிய சட்டம் வந்தது. 2007 ஜனவரி முதல் மதிப்புக் கூட்டு வரி. 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து ஜி.எஸ்.டி. எனப்படும் சரக்கு மற்றும் சேவை வரி. டீசலும் பெட்ரோலும் இன்றும் மாநில வரியின் கீழேயே உள்ளன.

விளைச்சலுக்கு வரி உண்டா?

இல்லை. சொந்த உழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ, தம் மேற்பார்வையில் கூலியாட்களை வைத்தோ நிலத்தில் பயிர் செய்பவரை ஜி.எஸ்.டி. சட்டம் உழவர் என்கிறது. அவர் தம் நிலத்து விளைச்சலை எவ்வளவு தொகைக்கு விற்றாலும் பதிவு செய்யவேண்டியதில்லை, வரி கட்டவேண்டியதில்லை. மல்லிகையானாலும் மக்காச்சோளமானாலும் இதே விதிதான். கறந்த பாலுக்கும், சந்தையில் விற்கும் ஆடு, மாடு, கோழிக்கும் வரி கிடையாது.

பருத்தி போடுபவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பருத்திக்கு 5 சதவீத வரி உண்டு. ஆனால் பதிவு பெற்ற வியாபாரி உழவரிடமிருந்து வாங்கினால், அந்த வரியை அரசுக்குக் கட்டவேண்டியவர் வியாபாரியே. 2017 நவம்பர் முதல் இந்த ஏற்பாடு இருந்து வருகிறது. "ஜி.எஸ்.டி. பிடித்தம்" என்று உங்கள் கணக்கில் எழுதினால், எந்த விதிப்படி என்று தயங்காமல் கேளுங்கள்.

கமிஷன் மண்டியில் விளைபொருளை விற்றுத் தருவதற்கு எடுக்கும் கமிஷனுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. டிராக்டரில் உழவு ஓட்டிய வாடகை, அறுவடை இயந்திர வாடகை, விளைபொருளை ஏற்றி இறக்கும் கூலி, கிட்டங்கி வாடகை ஆகியவையும் வரிக்கு வெளியே நிற்பவை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் சந்தைக் கட்டணம் வேறு. அதையும் கட்டவேண்டியவர் வாங்கும் வியாபாரியே.

வாங்கும்போது நிலைமை வேறு

விற்கும்போது வரி இல்லாத உழவர், வாங்கும்போது வரி கொடுக்கிறார். கடைக்காரர் தாம் வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியைத் தம் கணக்கில் கழித்துக்கொள்வார். உழவருக்கு அந்த வழி இல்லை. மருந்துக்கும் உரத்துக்கும் கொடுத்த வரி சாகுபடிச் செலவோடு சேர்ந்து நின்றுவிடுகிறது. ஆகவே எதற்கு எவ்வளவு என்று தெரிந்திருப்பது அவசியம்.

விதைப்புக்கான விதைக்கு வரி இல்லை. மண்வெட்டி, அரிவாள் போன்ற கைக்கருவிகளுக்கும் இல்லை. உரத்துக்கு 5 சதவீதம். ரசாயனப் பூச்சி மருந்துக்கு 18 சதவீதம். தண்ணீர் இறைக்கும் மின் மோட்டார் பம்புக்கும் 18 சதவீதம்.

2025 செப்டம்பர் 22 முதல் சில வரிகள் குறைந்துள்ளன. டிராக்டர், உழவுக் கருவிகள், கதிரடிக்கும் இயந்திரம், சொட்டுநீர் மற்றும் தெளிப்புநீர்ச் சாதனங்கள் ஆகியவை 12-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. டிராக்டர் டயர் 18-லிருந்து 5 ஆனது. வரிக்கு முன் 5 லட்சம் ரூபாய் விலையுள்ள டிராக்டருக்கு முன்பு வரி 60,000 ரூபாய். இப்போது 25,000 ரூபாய். பழைய வரியில் விலை சொன்னால் 35,000 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகும்.

அச்சிட்ட விலைக்கு மேல் வரி இல்லை

டப்பாவிலும் மூட்டையிலும் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். மருந்து டப்பாவில் 590 ரூபாய் என்றிருந்தால், சரக்கு விலை 500, வரி 90 என்று பொருள். 590-க்கு மேல் இன்னும் 18 சதவீதம் கேட்பது சட்டப்படி செல்லாது. பில் போட்டாலும் போடாவிட்டாலும் உச்ச விலை அதுதான்.

எல்லாக் கடையும் வரி வசூலிக்கவும் முடியாது. பதிவு பெறாத கடைக்கு அந்த உரிமையே இல்லை. தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்துள்ள சிறு கடைகள் தம் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை அரசுக்குக் கட்டும். வாங்குபவரிடம் வரி என்று தனியே வசூலிக்கக் கூடாது. பதிவு பெற்ற கடையின் பெயர்ப் பலகையில் 15 எழுத்துகள் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும்.

பில் ஏன் வேண்டும்?

200 ரூபாய்க்குக் குறைந்த சரக்கானாலும், நீங்கள் கேட்டால் பதிவு பெற்ற கடைக்காரர் பில் தரவேண்டும். விதை, உரம் விற்பவர் ரசீது தரவேண்டும் என்று விதை, உரக் கட்டுப்பாட்டு ஆணைகளும் சொல்கின்றன. விதைக்கு வரியே இல்லாதபோது, "பில் போட்டால் வரி" என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

விதை முளைக்கவில்லை, மருந்து கேட்கவில்லை என்றால் உழவர் கையிலிருக்கும் முதல் சாட்சி பில்தான். விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுகர்வோர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் எந்தக் கடையில், எந்த ரகம், எந்த லாட் எண், என்றைக்கு வாங்கியது என்று காட்டவேண்டுமே! பில்லும், லேபிள் உள்ள காலிப் பையும் அறுவடை முடியும் வரை வீட்டில் இருக்கட்டும். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண்ணில் பேசலாம்.

வியாபாரத்தில் இறங்குபவர்களுக்கு

தம் விளைச்சலோடு அக்கம்பக்கத்தார் விளைச்சலையும் வாங்கி விற்றால், அந்த அளவுக்கு நீங்கள் வியாபாரி. கடலையை எண்ணெயாக்கி விற்றால் எண்ணெய்க்கு 5 சதவீத வரி உண்டு. வரியுள்ள சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு மொத்த விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. ஆனால் வரியுள்ள சரக்கைக் குமுளி வழியே கேரளத்துக்கு விற்பதென்றால், தொகை சிறிதானாலும் பதிவு வேண்டும். அரிசி, பருப்பு, வெல்லத்தைச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. 25 கிலோ வரை முன்னதாகவே கட்டி லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை வந்ததன் காரணம் இதுதான்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது அச்சிட்ட விலையைப் பாருங்கள். பெயர்ப் பலகையைப் பாருங்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் கடைக்காரர் கையெழுத்தும் தேதியும், விதையானால் லாட் எண்ணும் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.