புல் வெட்டவும் நாள் பார்க்கணும்!

குட்டீஸ்... வீடு கட்ட நாள் பார்ப்பார்கள். காது குத்த நாள் பார்ப்பார்கள். புல் வெட்ட யாராவது நாள் பார்த்து, நீங்கள் கேள்விப்பட்டது உண்டா? நான் நேரிலேயே பார்த்தேன், அதுவும் அமெரிக்காவில்!

2022ம் ஆண்டு மே மாதம், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு, என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டைச் சுற்றி ஏறக்குறைய ஒரு ஏக்கர் புல்வெளி; பச்சைக் கம்பளம் விரித்தது போல் இருந்தது.

நம் ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது எப்படியோ, அப்படித்தான் அங்கே புல் வெட்டுவதும். புல் நீண்டு கிடந்தால், 'இந்த வீட்டுக்காரர் சோம்பேறி' என்று பேச்சு வந்துவிடும். வீடு, பூங்கா, விளையாட்டுத் திடல் என்று அமெரிக்காவில் இருக்கும் புல்வெளிகளை எல்லாம் சேர்த்தால், சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர் வரும் என்று 2005ல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டனர். நம் தமிழ்நாட்டின் பரப்பளவே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். எவ்வளவு புல் பார்த்தீர்களா?

என் மாப்பிள்ளை, சனிக்கிழமை தவறாமல் புல் வெட்டுவார். வெட்டும் முன், புல்லில் கிடக்கும் கல், பந்து, பொம்மை எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பது, 10 வயதுப் பேரனின் வேலை. அன்றும் அப்படிப் போனவன், திடீரென்று கத்தினான்.

''அப்பா... மெஷினைப் போடாதீங்க! தாத்தா, இங்கே ஓடி வாங்க!''

ஓடினோம். ஓரிடத்தில் காய்ந்த புல் லேசாக அசைந்தது. மெல்ல விலக்கிப் பார்த்தால், சின்னக் குழி. அதில் பஞ்சு போல ரோமம். நடுவில் கட்டை விரல் அளவுக்கு நான்கு முயல் குட்டிகள்! கண்கூடத் திறக்கவில்லை.

அந்தப் பகுதிக் காட்டு முயல்கள், வளை தோண்டிக் குட்டி போடுவதில்லை. புல்தரையில் சிறு பள்ளம் பறித்து, தன் ரோமத்தையே பிடுங்கி மெத்தை போட்டு, மேலே புல்லால் மூடிவிடும். பகலில் தாய் முயல் பக்கத்திலேயே வராது. வந்தால், நரிக்கும் பூனைக்கும் இடம் தெரிந்துவிடும் அல்லவா? விடியற்காலையும், பொழுது சாயும் நேரத்திலும் மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். இது தெரியாத பலர், 'ஐயோ, தாய் இல்லாத குட்டிகள்' என்று தூக்கிக்கொண்டு போய்விடுகின்றனர். அது பெரிய தவறு. நாங்கள் புல்லை முன்பு இருந்தபடியே மூடிவிட்டோம்.

''சுமார் மூணு வாரத்துல குட்டிங்க தானா வெளியே போயிடும். அதுவரைக்கும் பின்பக்கம் வெட்டக் கூடாதுப்பா,'' என்றான் பேரன்.

''மூணு வாரமா? காடாயிடுமேடா! பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க? நீங்களே சொல்லுங்க மாமா,'' என்றார் மாப்பிள்ளை.

''வெட்டின புல் திரும்ப வளரும். வெட்டுப்பட்ட முயல் திரும்ப வருமாப்பா?'' என்று கேட்டான் பேரன்.

மாப்பிள்ளை பதில் பேசவில்லை. இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

உண்மையில், புல்லை எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும்? வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்றாலும், கேள்வி வந்தால் சும்மா இருக்க முடியுமா? தேடிப் படித்தேன்.

புல்லுக்கு ஒரு கணக்கு!

புல், நுனியில் இருந்து வளர்வதில்லை. அடியில் இருந்து வளர்கிறது. அதனால்தான், மாடு மேய்ந்தாலும் மறுபடி துளிர்க்கிறது. ஆனால், இலைதான் புல்லுக்குச் சமையலறை. சூரிய ஒளியில் உணவு தயாரிப்பது அதுதானே! ஒரேயடியாக ஒட்ட வெட்டினால், வேரும் வலுவிழந்து போகும். எனவே, ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது விதி.

புல் 3 அங்குலம் இருக்க வேண்டும் என்றால், எப்போது வெட்டலாம்? மனக்கணக்குப் போடுங்கள். 4.5 அங்குலம் வளர்ந்ததும்! அதில் மூன்றில் ஒரு பங்கு 1.5, மீதி 3. மே மாதத்தில் இந்த வளர்ச்சி ஒரு வாரத்திலேயே வந்துவிடலாம். வெயில் காய்ந்து, மழை இல்லாத நாட்களில், இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். பனி மூடிய குளிர்காலத்தில் வெட்ட வேண்டிய வேலையே இல்லை. ஆக, சனிக்கிழமையைக் கேட்காதே. புல்லைக் கேள் என்பதுதான் சரி.

துணி ஆலையில் பிறந்த இயந்திரம்!

முன்பெல்லாம், நீண்ட கைப்பிடி உள்ள அரிவாளால்தான் புல்லைச் சீவினர். ஆடுகளை விட்டு மேய்ப்பதும் உண்டு. 1830ல், இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக வெட்டும் இயந்திரத்தைக் கவனித்தார். 'துணிக்கு முடிகிறது என்றால், புல்லுக்கு முடியாதா?' என்று யோசித்தார். பிறந்தது புல் வெட்டும் இயந்திரம்!

தேனீக்கு விருந்து!

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்ற நகரம் உள்ளது. அங்கே 16 வீடுகளின் புல்வெளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. சில வீடுகளில் வாரம் ஒருமுறை, சில வீடுகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற வீடுகளில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினர். முடிவு 2018ல் வெளியானது. மூன்று வாரம் விட்ட இடத்தில், புல்லோடு வளரும் சிறு செடிகளில் இரண்டரை மடங்கு வரை அதிகப் பூக்கள்! ஆனால், தேனீக்கள் அதிகம் வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிய புல்வெளிக்குத்தான். மூன்று வாரத்தில் புல் உயர்ந்து, பூக்களை மறைத்தது காரணமாக இருக்கலாம். அந்த வீடுகளில் பல வகைத் தேனீக்கள் இருந்தன. தேனீக்களில் அத்தனை வகையா என்று மலைத்துவிட்டேன்!

வெட்டியே ஆக வேண்டிய இடம்!

அப்படியானால், வெட்டாமலே விட்டுவிடலாமா? கூடாது. அந்தப் பகுதியில், நீண்ட புல்லிலும் புதரிலும் மான் உண்ணி இருக்கும். அது கடித்தால், லைம் என்ற காய்ச்சல் நோய் வரக்கூடும். ஆகவே, குழந்தைகள் விளையாடும் இடத்திலும், நடைபாதை ஓரத்திலும் புல் குட்டையாக இருப்பதே நல்லது.

காட்டுத்தீ பரவும் கலிபோர்னியா மாநிலத்திலோ, வீட்டைச் சுற்றிக் காய்ந்த புல் 4 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதையும் காலை 10 மணிக்குள் வெட்டிவிடச் சொல்கின்றனர். வெயில் ஏறிய பின் வெட்டினால், இயந்திரத்தின் கத்தி கல்லில் பட்டுப் பறக்கும் ஒரு பொறியே போதும், தீ பிடித்துவிடும்.

இதை எல்லாம் அன்று இரவு சாப்பிடும்போது சொன்னேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, ஒரு தாளில் வரைபடம் போட்டார். வீட்டை ஒட்டியும், ஊஞ்சல் பக்கமும் புல் வளரும் வேகத்துக்கு ஏற்ப வெட்டுவது. நடுப்பகுதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முயல் இருக்கும் பின்பகுதி, குட்டிகள் போன பிறகு. பேரன் ஓர் அட்டையில், 'இங்கே முயல் குடும்பம் வசிக்கிறது' என்று எழ்தி, பின்பக்கம் நட்டு வைத்தான்.

பதினெட்டாம் நாள் காலை, குழி காலி! பேரன் முகம் வாடிவிட்டது. மாலையில் ஜன்னல் ஓரம் நின்றவன், 'தாத்தா...' என்று கிசுகிசுத்தான். வேலி ஓரத்தில், உள்ளங்கை அளவு முயல் குட்டி ஒன்று, இலையைக் கொறித்துக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் எங்கே போயினவோ! ஒன்றையாவது கண்ணால் பார்த்தோமே என்று மகிழ்ந்தோம்.

அடுத்த சனிக்கிழமை, பின்பக்கப் புல்லை முதலில் பாதி உயரத்துக்கும் குறையாமல் வெட்டி, சில நாள் கழித்து மறுபடி வெட்டினார் மாப்பிள்ளை. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சில நாட்களில் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. அட்டையைப் படித்த பக்கத்து வீட்டுப் பாட்டியும், இப்போது தன் புல்வெளியை ஒரு சுற்று நடந்து பார்த்த பிறகே வெட்டுகிறாராம்.

குட்டீஸ்... இந்த இயந்திரத்தின் கத்தி மிக ஆபத்தானது. தள்ளும் இயந்திரத்தை 12 வயதுக்குக் குறைந்தவர்களும், ஏறி ஓட்டும் இயந்திரத்தை 16 வயதுக்குக் குறைந்தவர்களும் இயக்கக் கூடாது என்கின்றனர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள்.

ஆனால், வெட்டும் முன் குனிந்து பார்க்க, வயது வரம்பு எதுவும் கிடையாது. புல்லோ, செடியோ, மரக்கிளையோ... அங்கே யார் குடியிருக்கின்றனர் என்று ஒரு நிமிடம் பாருங்கள். சரிதானே?