ஆளுக்கு ஒரு டாலர்

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள செயின்ட் ஜான்ஸ் என்னும் துறைமுக நகரில், இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் தம் வலக்காலை அட்லாண்டிக் கடலில் நனைத்தார். அக்கால் எஃகும் கண்ணாடியிழையும் கொண்டு செய்த பொய்க்கால். பின்னர் இரண்டு பெரிய புட்டிகளில் கடல்நீரை முகந்துகொண்டார். ஒன்று நினைவாக வைத்துக்கொள்வதற்கு. மற்றொன்று மேற்குக் கரையை அடைந்ததும் பசிபிக் கடலில் ஊற்றுவதற்கு. இரு கடல்களுக்கும் இடையே 7,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை கிடந்தது. அதை ஓடியே கடப்பது என்று அவர் புறப்பட்டார்.

டெரி ஃபாக்ஸ் என்னும் அவ்விளைஞரின் கதையை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். துணிவுக்கு எடுத்துக்காட்டாக அதைக் கூறுவதே வழக்கம். துணிவு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது அத்துணிவுக்குப் பின்னே இருந்த கணக்குத்தான். மாணவ நண்பர்கள் அஞ்ச வேண்டா. மிகச் சிறிய கணக்கு அது.

ஃபாக்ஸ் 1958இல் பிறந்தவர். பள்ளியில் கூடைப்பந்து ஆட விரும்பினார். உருவமோ குட்டை, ஆட்டமும் சுமார். நெடுந்தூர ஓட்டம் உனக்குப் பொருந்தும் என்றார் பயிற்சியாசிரியர். ஓட்டத்தில் ஆர்வமில்லாதிருந்தும் ஆசிரியர் சொல்லுக்காக ஓடினார், கூடைப்பந்தையும் விடவில்லை. விடாமல் பழகிப் பழகிப் பள்ளி அணியில் மட்டுமன்றி, சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் இளநிலை அணியிலும் இடம்பெற்றார். 1976ஆம் ஆண்டின் இறுதியில் வல முழங்காலில் வலி தோன்றியது. ஆட்டப் பருவம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் வலி தாங்கொணாததாயிற்று. மருத்துவர் சோதித்து, எலும்பில் புற்று என்றனர். முழங்காலுக்கு மேல் ஏறத்தாழ 15 சென்டிமீட்டரில் கால் துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இந்நோயைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும்; விளக்காவிடில் பின்னர் வரும் கணக்கு விளங்காது. மருத்துவர் இதனை ஆஸ்டியோசார்க்கோமா என்பர். வளரும் பருவத்தினரையே இது பெரும்பாலும் பற்றுகிறது. உடலின் நீண்ட எலும்புகள் நுனிப் பகுதியில் வளர்கின்றன. முழங்காலை ஒட்டிய பகுதியிலோ அவ்வளர்ச்சி மிகுதி. நோயும் அவ்விடத்திலேயே மிகுதியாகத் தோன்றுகிறது. தோன்றிய இடத்தில் அது நின்றுவிடுமானால் காலை வெட்டியெறிந்து உயிரைக் காத்துவிடலாம். அது நிற்பதில்லை. நோயணுக்கள் சில குருதியோடு கலந்து நுரையீரலை அடைந்து, எக்ஸ்ரே படத்திலும் தென்படாத அளவில் பதுங்கிவிடுகின்றன. முற்காலத்தில் காலை வெட்டுவது ஒன்றே மருத்துவமாக இருந்தபோது, நோயாளிகளுள் ஐவரில் நால்வர் பின்னர் நுரையீரல் நோயால் மாண்டனர். வெட்டுவதற்கு முன்பே நோய் இடம்பெயர்ந்திருந்தது என்பதே காரணம்.

1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் ஒரு வழி கண்டனர். கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கிய அணுக்களைக் கத்தி எட்டாது. குருதியோடு செல்லும் மருந்து எட்டும். மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின் முதலிய கடும் மருந்துகளை அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் செலுத்தினர். பிழைப்போர் தொகை உயர்ந்தது. ஃபாக்ஸிடம் மருத்துவர் கூறியது இதுவே: பிழைப்பதற்குரிய வாய்ப்பு உனக்கு நூற்றுக்கு ஐம்பது, இரண்டாண்டுகளுக்கு முன் நீ வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்து.

ஐம்பதுக்கும் பதினைந்துக்கும் உள்ள அந்த இடைவெளியை ஃபாக்ஸ் மறக்கவில்லை. யாரோ முன்பின் அறியாதவர் கொடுத்த பணம், யாரோ ஆய்வுக்கூடத்தில் உழைத்த உழைப்பு, மருந்தாக உருமாறித் தம் நரம்பில் ஏறியது என்று உணர்ந்தார். பதினாறு மாதம் மருந்தேற்றிக்கொள்ளச் சென்ற இடத்தில், அந்த வாய்ப்பும் கிட்டாத குழந்தைகளைக் கண்டார். பட்ட கடனைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அறுவைக்கு முந்திய இரவு அவருடைய பயிற்சியாசிரியர் ஓர் ஏட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பொய்க்காலுடன் நியூயார்க் மராத்தான் ஓட்டத்தை முடித்த டிக் டிராம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. அதுவே வித்து. பதினான்கு மாதம் பயின்று 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடினார். பொய்க்காலால் ஓடுவது எப்படி என்று கேட்பீர்கள். அக்காலத்துப் பொய்க்கால் நடப்பதற்கென்று செய்யப்பட்டது. பின்னே மடங்கிய அதன் முழங்கால் முன்னே வந்து நிமிரச் சற்று நேரமாகும். அந்நேரத்தை ஈடுகட்ட ஃபாக்ஸ் தம் இடக்காலால் கூடுதலாக ஒரு துள்ளல் துள்ளினார். துள்ளல், மீண்டும் துள்ளல், பிறகு ஓர் எட்டு: இதுவே அவர் ஓட்டத்தின் தாளம். ஒவ்வோர் எட்டிலும் உடலின் எடை வெட்டுண்ட தொடையின் முனையில் விழுந்தது. தோல் கொப்பளித்தது, குருதி கசிந்தது.

நாளொன்றுக்கு 42 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மராத்தான் தூரம், ஓடுவது என்பது அவருடைய திட்டம். முதலில் பத்து இலட்சம் டாலர் திரட்ட எண்ணினார். பின்னர் ஒரு கோடி என்றார். இறுதியில் அவர் வகுத்த கணக்குத்தான் நான் கூறவந்தது. கனடாவின் மக்கள்தொகை அந்நாளில் 2 கோடியே 40 இலட்சம். ஆளுக்கு ஒரு டாலர் தரட்டும் என்றார். செல்வர் நூறு பேரை அணுகிப் பெருந்தொகை பெறுவது எளிதாயிருந்திருக்கும். அதனை அவர் வெறுத்தார் என்றும் கூறேன். தங்கும் விடுதித் தொழிலதிபர் ஐசடோர் ஷார்ப் பத்தாயிரம் டாலர் தருவதாக முன்வந்து பிற நிறுவனங்களையும் தூண்டியபோது அகமகிழ்ந்தார். ஆனால் ஒரு டாலர் என்பது பள்ளிச் சிறுவனும் தரக்கூடிய தொகை. அதைத் தந்தவன் ஆராய்ச்சியில் தனக்கும் பங்குண்டு என்று எண்ணத் தொடங்குவான். அது வெறும் கனவன்று என்பதற்கு நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் போர்ட்-ஓ-பாஸ்க் என்னும் சிற்றூர் சான்றாயிற்று. அவ்வூரின் மக்கள் பத்தாயிரவர். கொடுத்த தொகை பத்தாயிரம் டாலருக்கு மேல்.

எல்லா இடத்திலும் அவ்வாறு நேரவில்லை. நண்பர் டக் ஆல்வர்ட் ஒரு சிறு வண்டியில் உடன்வர, விடியுமுன் இருளில் தொடங்கும் ஓட்டம் தொடக்க வாரங்களில் ஆளரவமற்ற சாலையிலேயே கழிந்தது. கியூபெக் மாகாணத்தில் அவரை அறிந்தார் சிலரே. வண்டியோட்டிகள் சாலையைவிட்டு ஒதுக்கித் தள்ளினர். ஒன்டாரியோ மாகாணத்தில் நுழைந்த பிறகே நிலைமை மாறியது. ஜூலையில் டொரான்டோ நகரச் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர் கூடினர். பொருள்களை விளம்பரப்படுத்திப் பணம் பெறும் வாய்ப்புகள் வந்தன. ஓட்டத்தால் தமக்கு ஊதியம் வேண்டா என்று அவற்றை விலக்கினார்.

ஒன்றை மட்டும் என்னால் பாராட்ட இயலாது. தலைசுற்றல் வந்தபோதும், கணுக்கால் வீங்கியபோதும் அவர் ஓய்வு கொள்ள மறுத்தார். மருத்துவச் சோதனைகளைத் தள்ளிப்போட்டார். அவர் நோக்கத்தின் உயர்வு அதனைச் சரியாக்கிவிடாது. நோய்நொடியுள்ள மாணவர் எவரும் இதைப் பின்பற்ற வேண்டா.

செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே நகருக்கு அண்மையில், இருமலும் நெஞ்சுவலியும் அவரை நிறுத்தின. புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாளில் அவர் ஓடியது 5,373 கிலோமீட்டர். அதுவரை திரண்டிருந்த தொகை ஏறத்தாழ 17 இலட்சம் டாலர். கணக்கின்படி பார்த்தால் பதினைந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுதி.

எஞ்சியதை மக்கள் ஓடி முடித்தனர் என்று சொல்லலாம். ஒரு வாரத்திற்குள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வாயிலாக 1 கோடியே 5 இலட்சம் டாலர் சேர்ந்தது. குளிர்காலம் முழுவதும் பணம் வந்துகொண்டிருந்தது. 1981 பிப்ரவரித் தொடக்கத்தில் எண்ணியபோது 2 கோடியே 41 இலட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு டாலர்! ஃபாக்ஸ் அச்செய்தியைக் கேட்க உயிரோடு இருந்தார். அவ்வாண்டு ஜூன் 28ஆம் நாள், இருபத்துமூன்றாம் பிறந்த நாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், காலமானார்.

1981 செப்டம்பரில் அவர் பெயரால் முதல் பொது ஓட்டம் நடைபெற்றது. மூன்று இலட்சம் மக்கள் கலந்துகொண்டனர். அதில் போட்டியில்லை, பரிசில்லை; நடந்தும் செல்லலாம். பின்னர்ப் பல நாடுகளுக்கும் அவ்வோட்டம் பரவியது. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் நடைபெற்றிருக்கிறது. இவ்வழியில் இதுவரை திரண்ட தொகை 80 கோடி டாலருக்கு மேல்.

அப்பணம் என்ன செய்தது என்று கேட்பது முறையே. ஆராய்ச்சி கடையில் வாங்கும் பண்டமன்று. கொடுத்த காசுக்கு உடனே மருந்து வராது. ஃபாக்ஸுக்கே கடைசி மாதங்களில், சோதனை நிலையிலிருந்த இன்டர்ஃபெரான் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது; அது அவரைக் காக்கவில்லை. பிற்காலத்தில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் சேர்ந்து, இதே நோய்க்கு அவ்வினத்து மருந்தொன்றைப் பெரிய அளவில் சோதித்தபோதும் தெளிவான பயன் காணப்படவில்லை. பயனில்லை என்று உறுதியாக அறிவதற்கும் பணமும் ஆண்டுகளும் செலவாகின்றன. வேறு திசையில் பயன் விளைந்தது. இன்று அதே நோயோடு பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றால், முதலில் மருந்து செலுத்தி, பின்பு நோயுற்ற எலும்புப் பகுதியை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் உலோக மூட்டைப் பொருத்துவர். பெரும்பாலோர்க்குக் கால் தப்பிவிடுகிறது. நோய் பரவுமுன் வந்தவர்களுள் மூவரில் இருவர் அளவுக்குப் பிழைக்கின்றனர். நுரையீரலுக்குப் பரவிய பின் வருவோருள் பிழைப்பவர் இன்றும் சிறுபான்மையினரே. 1980 செப்டம்பரில் ஃபாக்ஸ் நின்ற இடம் அதுதான். ஆராய்ச்சியாளர் இன்றும் அவ்விடத்திலேயே உழைத்துக்கொண்டிருக்கின்றனர்.