குரல்கள் ஓய்ந்த பிறகும் ஏன் இந்த மந்தம்?



மனச்சிதைவு நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ தன்னைப் பின்தொடர்வதாக அஞ்சுவது. மருந்து சாப்பிட்டால் பலருக்கு இவை அடங்கிவிடும். ஆனால் அதன் பிறகு வீட்டில் வேறொரு சண்டை தொடங்கும்.

அரிசி, முட்டை, சவர்க்காரம் வாங்கி வரும்படி அம்மா மகனைக் கடைக்கு அனுப்புவார். அவன் முட்டையோடு மட்டும் திரும்புவான். வேலைக்குப் போனாலும், சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் இரண்டே வாரத்தில் நின்றுவிடுவான். "குரல்தான் நின்றுவிட்டதே, இது வெறும் சோம்பேறித்தனம்" என்று அப்பா ஏசுவார்.

இது சோம்பேறித்தனம் அல்ல. கவனம், ஞாபகம், சிந்திக்கும் வேகம் ஆகியவை குறைவதும் நோயின் ஒரு பகுதியே. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்ளின் 1890களில், 'இளமையில் வரும் அறிவுத் தேய்வு' என்ற பொருளில்தான் இந்நோய்க்குப் பெயர் வைத்தார். இன்றைய மருந்துகள் குரல்களை அடக்குகின்றன. ஆனால் சிந்தனைத் திறனுக்கு அவை அதிகம் உதவுவதில்லை.

உடலில் புகையும் நெருப்பு

விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகும். இதுவே அழற்சி. கிருமியை எதிர்க்க உடல் தன் காவல் படையை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அந்தப் படை திரும்பிவிட வேண்டும். சிலருக்கு அது முழுமையாகத் திரும்புவதில்லை. வெளியே எதுவும் தெரியாமல், மாதக்கணக்கில் உள்ளே புகைந்துகொண்டிருக்கும். கல்லீரல் உண்டாக்கும் சிஆர்பி என்ற புரதத்தை இரத்தத்தில் அளந்தால் இது தெரியும்.

மனச்சிதைவு உள்ளவர்களிடம் சிஆர்பி, இன்டர்லூக்கின்-6 போன்றவை மற்றவர்களைவிடச் சராசரியாகக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. சிஆர்பி கூடியவர்கள் ஞாபகம், கவனம் போன்ற சோதனைகளில் சற்றுக் குறைவாகவே செய்கிறார்கள். 'சற்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லா நோயாளிக்கும் அழற்சி இருப்பதில்லை. மந்தம் முழுவதற்கும் அது காரணமும் அல்ல.

உடலில் உள்ள அழற்சி மூளையை எப்படித் தொடும்? காய்ச்சல் வந்த நாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும். காவல் படையின் இரசாயனச் செய்திகள் மூளைக்கும் போய்ச் சேருகின்றன. மூளைக்குள்ளும் காவல் அணுக்கள் உண்டு. வளரும் பருவத்தில், தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கத்தரித்து ஒழுங்குபடுத்துவது அவற்றின் வேலைகளில் ஒன்று. அந்தக் கத்தரிப்பில் பங்குள்ள சி4 என்ற மரபணுவின் சில வகைகள் இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதாக, 2016இல் 'நேச்சர்' இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினர்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிகரெட், வயிற்றுக் கொழுப்பு, இனிப்புநீர், தூக்கமின்மை ஆகியவையும் அழற்சியைக் கூட்டும். இந்நோய் உள்ளவர்களிடம் இவை அதிகம். சில மருந்துகளே உடல் எடையை ஏற்றிவிடும். எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

ஆஸ்பிரின் கொடுத்தால் போதுமா?

இந்தக் கேள்வி நியாயமானது. நெதர்லாந்தில் 70 பேரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்தோடு ஆஸ்பிரினும் கொடுத்தபோது நோய்க்குறிகள் ஓரளவு குறைந்தன. சிந்தனைத் திறன் குறிப்பிடும்படி மாறவில்லை. பிரிட்டனில் 207 பேருக்கு 12 மாதங்கள் மினோசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த முடிவு, பலனில்லை என்பதே. இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் ஊசியை 36 பேரிடம் சோதித்த ஆய்வும் அதே ஆண்டு அதே முடிவைத்தான் சொன்னது.

ஆகவே, பெற்றோர்களே, மருந்துக்கடையில் ஆஸ்பிரின் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படலாம்.

நம் கையில் இருப்பவை

முதலாவது, மனநல மருந்தை நிறுத்தக் கூடாது. இரண்டாவது, எடை, இரத்த அழுத்தம், இனிப்புநீர், கொழுப்பு ஆகியவற்றைத் தவறாமல் சோதிக்க வேண்டும். மனநோயாளி என்பதால் அவர் உடலை மறந்துவிடுகிறோம். மூன்றாவது, நடை, சைக்கிள் போன்ற உடற்பயிற்சி. 10 சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு, இத்தகைய பயிற்சி இந்நோயாளிகளின் சிந்தனைத் திறனைக் கூட்டுவதாகச் சொல்கிறது. நான்காவது, சிகரெட்டை விடுவது. ஆனால் குளோஸபின் அல்லது ஒலான்ஸபின் சாப்பிடுபவர் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். புகைப்பதை நிறுத்தினால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும். ஞாபகம், கவனம் இவற்றுக்கான தனிப் பயிற்சிகளும் உண்டு. அவை கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பேராக்கில் 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தானின் பெயரையே நாம் கேலிச்சொல் ஆக்கிவிட்டோம். அந்தக் கேலிக்குப் பயந்து சிகிச்சைக்கே போகாதவர்கள் உண்டு. வெளியார் கேலி போதும், வீட்டிலும் 'சோம்பேறி' என்ற பட்டம் வேண்டாம். அடுத்த முறை மகனைக் கடைக்கு அனுப்பும்போது, மூன்று சாமான்களையும் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுங்கள். மூன்றோடும் திரும்பி வருவான்.